கடாவைப் பெற்றவள்

கமலபாய் சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல எழுந்து போகையில் அவளுடைய புதுச்சேலையின் மொடமொடப்பு, பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தர் தோளையும் தொட்டுக்கொண்டு போயிற்று. ஞானத்தங்கத்தின் தோளையும் தொட்டது. தொட்டதும் கமலபாய் ஒரு விநாடி நின்ற மாதிரி இருந்தது. நின்றாளா, கால் இடறியதா, அதுவும் இவளுடைய நினைப்புதானா என்று தெரியவில்லை. நின்றிருப்பாள், மனுஷிதானே. அப்படியானால் சொல்லிவிடுவாள். இன்றைக்குச் சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வது? நாலு மாதமாகக் கோயில் வாசலை மிதிக்காத ஞானத்தங்கம் இந்த ஞாயிற்றுக்கிழமை குளித்து வெள்ளைச்சேலை கட்டிக்கொண்டு வந்ததே அந்த ஒன்றைக் கேட்கத்தான். "எம்மகன் பொன்சிங்குக்குப் பதிலா அன்னிக்கு வேலைக்குப் போனது ஞானத்தங்கம் அக்கா மகன் ஜெபத்துரை. நாந்தான் அவுங்க வீட்டுக்குப் போயிக் கெஞ்சிக் கேட்டேன்." அவ்வளவுதான். ரெண்டே வாக்கியம். குருவானவர் காதிலும் விழுகிற மாதிரி, ஆம்பளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மூப்பர் தேவநேசம் காதிலும் விழுகிற மாதிரி, மைக்கில். பட்டாசு செய்கிற வெடி ஆபீஸில் மருந்து கலக்குகிற ரூம் வெடித்தபோது ஜெபத்துரை அதற்குள் ஏன் இருந்தான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்த போர்மேனும் கேஸுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அவன் அட்டைப்பெட்டி கட்டுகிற இடத்தில் வேலை செய்கிறவன், மருந்து ரூமில் அவனுக்கு என்ன வேலை என்று இழவு வீட்டிலேயே ரெண்டு பேர் கேட்டார்கள். பீடி பிடிக்கப் போயிருப்பான் என்று ஒருத்தன் சொன்னதாகவும் காற்றுவாக்கில் வந்தது. மருந்து ரூமில் பீடி. எம்மகன் பீடியைக் கையால் தொட்டதுண்டா? இவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் சொல்லட்டும் என்று நாலு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சொல்ல வேண்டியவள் இப்போது பீடத்துக்குக் கீழே நின்று மைக்கைத் தட்டிப் பார்க்கிறாள்.

பிரசங்கம் முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, அது இன்னும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மகன் தப்பினதற்குக் கமலபாய் வீட்டார் நடத்துகிற ஸ்தோத்திர ஆராதனை என்பதால் குருவானவர் அவர்களுக்கு ஏற்ற வசனமாகப் பார்த்து எடுத்திருந்தார். ஆபிரகாம் ஈசாக்கைக் கட்டி விறகின்மேல் கிடத்தியது, கத்தியை எடுத்தது, வானத்திலிருந்து சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் புதரில் கொம்பு மாட்டிக்கொண்டு நிற்கிற ஆட்டுக்கடா. சின்ன வயது குருவானவர், நல்ல குரல். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஞானத்தங்கத்துக்கு மட்டும் அந்தக் கடாவை விட்டு மனது நகர மறுத்தது. ஞாயிறு பள்ளிக்கூடத்திலிருந்து இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பாள்! எல்லாத் தரமும் ஈசாக்கு தப்பினானா தப்பினானா என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது, தப்பினதும் அப்பாடா என்று இருந்தது. கடாவைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வேறு ஒன்றும் இல்லை. அந்தக் கடா வானத்திலிருந்தா விழுந்தது? யாரோ வளர்த்ததுதானே. ஒரு தாய் ஆடு ஈன்று நக்கிக் கொடுக்க, அதன் பாலைக் குடித்து வளர்ந்ததுதானே. ஆபிரகாம் மூன்று நாள் நடந்து மலைக்கு வந்தான் என்றால் கடாவும் மேய்ந்து மேய்ந்து அதே மலைக்குத்தான் வந்திருக்கிறது, நல்ல புல் இருக்கிறது என்று நம்பி. அந்தப் புதர் எத்தனை வருஷமாக வளர்ந்து காத்திருந்ததோ. அப்பனும் மகனும் கையைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கிப் போய்விட்டார்கள், சாராள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். பொழுது சாய ஒரு பட்டி வாசலில் ஒரு ஆடு கத்திக்கொண்டே நின்றிருக்குமே, அதை வேதத்தில் யாரும் எழுதவில்லை. எழுதுகிற அளவுக்கு அது பெரிய சங்கதி இல்லை போலிருக்கிறது. ஜன்னல் வழியாகக் கறி கொதிக்கிற வாசனை வந்தது. கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் பெரிய கிடாரத்தில் ஸ்தோத்திர அசனத்துக்குக் கறி வேகிறது. ஆராதனை முடிந்ததும் சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வராமல் போனால் குற்றம், இலையில் மிச்சம் வைத்தாலும் குற்றம். கமலபாய் மகனுக்காக நேர்ந்துவிட்ட கடா அது என்று பக்கத்தில் இருந்தவள் காதைக் கடித்தாள். ஞானத்தங்கம் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அன்றைக்கு மூடிக்கட்டிக் கொடுத்ததைப் பார்த்ததிலிருந்து அவள் வாயில் கறி வைக்கவில்லை.

"கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று கமலபாய் ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். அன்றைக்கு இவள் வீட்டுக்கு வந்தபோதும் இப்படித்தான் நடுங்கினாள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஞானத்தங்கம் கூலிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள், விரல் எல்லாம் பசை. கமலபாய் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து கீழே உட்கார்ந்தாள். "அக்கா, நீங்கதான் கையக் குடுக்கணும். பொன்சிங்க கன்வென்ஷனுக்குக் கூட்டிட்டு வர்றதா பொருத்தனை பண்ணிருக்கேன். மூணு நாளு. போர்மேன் லீவு தரமாட்டேங்கான். மருந்து கலக்குறவன் இல்லேன்னா ஆபீஸே ஓடாதாம், மாத்தாள் நிறுத்திட்டுப் போன்னு சொல்றான். வேற யாருக்கு அந்தக் கைப்பக்குவம் தெரியும்? நம்ம ஜெபத்துரைக்குத்தான் தெரியும்." தெரியும்தான். ரெண்டு வருஷம் மருந்து ரூமில் இருந்தவன்தான். இவள் உபவாசம் இருந்து, அழுது, போர்மேன் பெண்டாட்டி காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அவனை அங்கிருந்து பெட்டி கட்டுகிற இடத்துக்கு மாற்றினாள். இனிமேல் அந்த ரூம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று தன் தலையில் அவனைக் கையடிக்க வைத்துச் சத்தியமும் வாங்கினாள். அந்தச் சத்தியத்தை வாங்கின அதே வாயால்தான் அன்றைக்குச் சொன்னாள். வேலை விட்டு வந்த மகன் முகம் கழுவிக்கொண்டே கமலபாய் சொன்னதைக் கேட்டான். கேட்டுவிட்டு இவளைத்தான் பார்த்தான். "யம்மா, நீதான வேணாம்ன?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். "மூணு நாளுதான ராசா. தேவ வசனம் கேக்கப் போறவன நாம தடுத்தா நமக்குத்தான் சாபம். நீ போயிட்டு வா, கர்த்தர் பாத்துக்குவாரு." சொன்னாளே. கமலபாய் சொல்லவில்லை, போர்மேன் சொல்லவில்லை, இவள் சொன்னாள். பக்தியில் சொன்னாள். நாளைக்குக் கர்த்தருக்கு முன்னால் நிற்கும்போது ஒரு ஆத்துமாவை வசனத்துக்கு அனுப்பின புண்ணியம் தன் பேரில் நிற்கும் என்று உள்ளுக்குள் ஒரு அற்ப ஆசையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி மதினி, பொன்சிங்க நிம்மதியா போகச் சொல்லுங்க" என்றான். கமலபாயை அவன் எப்போதும் மதினி என்றுதான் கூப்பிடுவான், கேலிக்கு. கமலபாய் இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பசை அவள் கன்னத்தில் ஒட்டியது.

மைக்கில் கமலபாய் கன்வென்ஷன் பந்தலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெண்டாம் நாள், காலைக் கூட்டம், தேவமனிதர் ஒருத்தர் மேடையிலிருந்து, இந்தக் கூட்டத்தில் ஒரு வாலிபனைக் கர்த்தர் அக்கினிக்குத் தப்புவிக்கிறார் என்று சொன்னாராம். சொன்ன நேரமும் மருந்து ரூம் வெடித்த நேரமும் ஒன்றாம். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சபை முனகியது. ஞானத்தங்கத்துக்கு அந்த நேரம் தெரியும். உலையில் அரிசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தரை ஒரு உதறு உதறியது. பிறகுதான் சத்தம். இந்தப் பக்கத்து ஊர்களில் சத்தம் கேட்டால் யாரும் கத்த மாட்டார்கள், முதலில் வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். தெரு முழுக்கப் பெண்கள் வாசலில் நின்றார்கள். புகை மேற்கே, வெள்ளையாக, குடைபிடித்த மாதிரி. மேற்கே ஆறு ஆபீஸ் இருக்கிறது. அப்போது இவள் என்ன ஜெபம் செய்தாள்? அதுதான் இந்த நாலு மாதமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "கர்த்தாவே, எம்பிள்ளையா இருக்கக் கூடாது." அப்படியென்றால் என்ன அர்த்தம்? வெடித்தது வெடித்தாயிற்று, உள்ளே யாரோ கிடக்கிறார்கள், அது வேறு எவளுடைய பிள்ளையாவது இருக்கட்டும் என்றுதானே அர்த்தம். தெருவில் நின்ற அத்தனை பேரும் அதே ஜெபத்தைத்தான் செய்தார்கள், அந்தச் சாவை ஒருத்தி மற்றவள் வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டாள். கடைசியில் எந்த வீட்டிலாவது போய் நிற்கத்தானே வேண்டும். ஆயிரம் பேர் ஒரு பக்கம் விழுந்தாலும், பதினாயிரம் பேர் வலதுபக்கம் விழுந்தாலும் உன்னை அணுகாது என்கிற சங்கீதத்தை அவள் மனப்பாடமாகச் சொல்வாள், பஸ்ஸில் ஏறினால், காய்ச்சல் கண்டால், இடி இடித்தால். எத்தனை தரம் சொல்லியிருப்பாள், ஒரு தரமாவது அந்த விழுகிற ஆயிரம் பேர் யார் என்று கேட்டாளா? அவர்களுக்கும் வீடுவாசல் உண்டு, அவர்களுக்கும் அம்மா உண்டு, அவர்கள் அம்மாவும் காலையில் அதே சங்கீதத்தைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பாள். இப்போது அந்தச் சங்கீதத்தை எடுத்தால் கண் நேரே அந்த ஆயிரத்தில் போய் நிற்கிறது, அதில் அன்றைக்குக் கட்டம்போட்ட சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன ஒருத்தனைத் தேடுகிறது.

குருவானவர் ஆறுதல் சொல்ல வந்தார், வரவில்லை என்று சொல்லக் கூடாது. மூன்று தரம் வந்தார். யோபுவைப் பற்றிச் சொன்னார். யோபுவுக்கு ஆடும் மாடும் ஒட்டகமும் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது, பிள்ளைகள் மட்டும் முன்னே இருந்த மாதிரியே பத்துப்பேர், ஏனென்றால் செத்த பத்துப்பேரும் பரலோகத்தில் உயிரோடுதான் இருந்தார்கள், சேர்த்தால் இரட்டிப்பு என்றார். அழகான விளக்கம்தான். ஞானத்தங்கம் தலையாட்டினாள். அவர் போனபிறகு, யோபுவின் பெண்டாட்டி மறுபடி பத்துப் பிள்ளை பெற்றாளே, அதில் ஒன்றுக்காவது முதல் பத்தில் ஒன்றின் பேரை வைத்துத் தப்பித்தவறிக் கூப்பிட்டிருப்பாளா என்று நினைத்து நினைத்து அடுப்பில் இருந்த ரசத்தைப் பொங்கவிட்டாள். மூப்பர் தேவநேசம் அப்படிச் சுற்றி வளைக்கவில்லை. துக்கம் கேட்க வந்த இடத்தில், "தம்பி திருவிருந்துக்கு வந்து ரொம்ப நாளாச்சுல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தார். நியாயத்தீர்ப்பை டம்ளரோடு கீழே வைத்துவிட்டுப் போனார். வந்தான்யா, ஈஸ்டருக்கு வந்தான், நீரு பாக்கல. அதைச் சொல்லவும் அன்றைக்கு வாய் வரவில்லை. எகிப்தில் தலைப்பிள்ளைகள் செத்த இரவில் ராஜாவின் மகனும் செத்தான், ஏந்திரம் சுற்றி மாவரைக்கிற அடிமைப்பெண்ணின் மகனும் செத்தான் என்று எழுதியிருக்கிறது. ராஜா மனதைக் கடினப்படுத்தினான், சரி. மாவரைக்கிறவள் எதைக் கடினப்படுத்தினாள்? அவளிடம் யார் வந்து, நிலையில் ரத்தம் பூசு என்று சொன்னது? ஆனால் இதையெல்லாம் இப்போது கேட்கிற ஞானத்தங்கம் முன்பு என்ன செய்தாள் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. வரக் கூடாது என்று எவ்வளவோ தள்ளிப் பார்த்தாள், வந்தே விட்டது. ஜெபத்துரைக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பொண்ணு, ரெட்டைச்சடை, அதற்கும் அதே காய்ச்சல். அந்தப் பொண்ணின் அம்மா இவளுக்கு வெந்நீர் பிடித்துக் கொடுத்தாள், இவள் கண்ணயர்ந்த நேரத்தில் இவள் மகனுக்கும் சேர்த்து விசிறினாள். பதினோராம் நாள் அந்தக் கட்டில் காலியாயிற்று. இவள் மகன் பிழைத்தான். பிழைத்து ஊர் வந்ததும் இதே கோயிலில் இதே இடத்தில் நின்று சாட்சி சொன்னாள். "பக்கத்துக் கட்டில்ல இருந்த பிள்ளையெல்லாம் போயிருச்சு, எம்பிள்ளைய மட்டும் கர்த்தர் கோழி மாதிரி செட்டைக்குள்ள மறைச்சுக்கிட்டாரு." சபை ஸ்தோத்திரம் என்றது. அந்தப் பொண்ணின் பெயர் என்ன? தெரியும், அப்போது தெரியும். அவள் அம்மா பதினோரு நாள் கூப்பிட்டாளே. சரசுவா, சந்திராவா? வாய்க்குள் வைத்து எப்படி எப்படியோ புரட்டிப் பார்த்தாள், வரவில்லை. சாட்சியில் அழகுக்காகச் சேர்த்த ஒரு காலிக் கட்டில், அவ்வளவுதான் அந்தப் பிள்ளை. ஞானத்தங்கத்துக்குத் தன் பேரிலேயே அருவருப்பாக இருந்தது.

அதனால்தானோ என்னவோ, கமலபாய் பேரில் இருந்த ஆத்திரம் அந்த நேரத்தில் கொஞ்சம் தளர்ந்தது. பாவம், அவளும் நாலு மாதமாக இவள் வீட்டுத் தெரு வழியாக நடக்காமல் கம்மாய்க்கரை சுற்றித்தான் கடைக்குப் போகிறாள். குற்றமுள்ள நெஞ்சுதானே அப்படிச் சுற்றும். சொல்லிவிடடி, சொல்லிவிட்டால் நான் வந்து உன் கறிச்சோற்றைக்கூடச் சாப்பிடுகிறேன். அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல். பெயரை மட்டும் சொல்லு. கமலபாய் கன்வென்ஷனை முடித்துக்கொண்டு ஆபீஸ் விஷயத்துக்கு வந்துவிட்டாள். "போர்மேன் லீவு தரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னான். நான் முழங்காப்படியிட்டுக் கர்த்தர்கிட்டக் கேட்டேன்." ஞானத்தங்கம் கண்ணை மூடிக்கொண்டாள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது, அதை யாராவது நிறுத்தினால் நன்றாக இருக்கும். மூடின கண்ணுக்குள்ளும் ஆம்பளைகள் பக்கத்து முதல் வரிசையில் பொன்சிங் உட்கார்ந்திருந்தான், வெள்ளைச் சட்டை, குனிந்த தலை. துக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை. சின்ன வயதில் ரெண்டு பேரும் இவள் வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். கமலபாய் மூச்சை இழுத்தாள். மைக்கில் அந்த மூச்சு பெரிதாகக் கேட்டது. "கடைசி நேரத்துல, எப்படின்னு தெரியல, கர்த்தரே வழியத் தொறந்தாரு. ஆபீஸ்லயே வேற ஒரு ஆள ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. யேகோவாயீரே! எல்லாத்தையும் பாத்துக்குற தேவன்! அந்தத் தேவனுக்கே மகிமை." அல்லேலூயா என்றது சபை. மூப்பர் தேவநேசம் ஆமென் என்றார். ஞானத்தங்கம் கண்ணைத் திறக்கவில்லை. வேற ஒரு ஆள். இன்னும் ஏதாவது வரும், முடியும்போதாவது வரும் என்று காது அங்கேயே நின்றது. மைக்கை மாட்டுகிற சத்தம்தான் வந்தது. எப்படின்னு தெரியலையாம். கன்னத்தில் பசை ஒட்டியது தெரியாமல் போயிற்று. ஏழு வயதில் ஞானஸ்நானம் எடுத்தவள், இருபத்தாறு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே அப்பத்தைப் பிட்டவள், பீடத்துக்கு முன்னால் நின்று கூசாமல் சொல்லிவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வயிற்றுக்குள் ஒரு பெரிய அமைதி, காய்ச்சல் விட்டபிறகு வருகிற மாதிரி. இனி யாரிடமும் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்கிற அமைதி அது. நல்ல அமைதி இல்லை.

குருவானவர் குடும்பத்தை முன்னால் கூப்பிட்டார். அதுதான் வழக்கம். சாட்சி சொன்ன குடும்பம் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் வரிசையாக முழங்கால்படியிடும், குருவானவர் ஒவ்வொரு தலையிலும் கைவைத்துப் பெயரைச் சொல்லி ஜெபிப்பார், சபை எழுந்து நிற்கும். கமலபாய், அவள் வீட்டுக்காரர், பொன்சிங், பொன்சிங்கின் தங்கை. நாலு பேர். சபை எழுந்தது. ஞானத்தங்கமும் எழுந்தாள். எழுந்தவள் நிற்கவில்லை, நடந்தாள். பாயை மிதித்து, யாருடைய வேதப்புத்தகத்தையோ தாண்டி, நடுவழியில் இறங்கி, செருப்பில்லாத காலில் குளிர்ந்த சிமெண்டுத் தரை ஏற, நேரே போய்ப் பொன்சிங்குக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் முழங்கால்படியிட்டாள். யோசித்துச் செய்ததில்லை. செய்துகொண்டிருக்கிறோம் என்பதே முழங்கால் தரையில் பட்ட பிறகுதான் தெரிந்தது. குருவானவர் கமலபாய் தலையில் வைக்கப்போன கையை எடுத்துக்கொண்டு குனிந்தார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் சட்டையில் மாட்டியிருந்த மைக் அதையும் பிடித்து வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் வரைக்கும் கொண்டுபோயிற்று.

"அக்கா, இது இவுங்க குடும்ப ஜெபம். உங்களுக்கு நான் பெறகு தனியா பண்றேன்."

"இந்தக் குடும்ப ஜெபத்துக்குத்தான்யா வந்தேன்."

"இல்லக்கா, இவுங்க பிள்ளை தப்புனதுக்காக…"

"அதுக்குத்தான். இவுங்க பிள்ளை தப்புறதுக்குப் பிள்ளையக் குடுத்தது நாந்தான். இவ வந்து கேட்டா, நான் குடுத்தேன். எனக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க."

கோயிலுக்குப் பின்னால் கரண்டி கிடாரத்தில் இடிக்கிற சத்தம் வந்தது. கமலபாய் கிராதிக் கட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். "அக்கா, வேண்டாம்க்கா" என்றாள், உதட்டுக்குள். அவள் வீட்டுக்காரர் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார், அவருக்கும் அப்போதுதான் தெரிகிறது போலிருந்தது. குருவானவர் ஞானத்தங்கத்தின் தலைப்பக்கம் கையை நீட்டினார். என்ன சொல்லி ஜெபிப்பது? நன்றி என்று சொல்வதா, மன்னியும் என்று சொல்வதா? பிரசங்கத்தில் கடாவைப் பற்றிச் சொல்ல அவரிடம் இருந்ததையெல்லாம் சொல்லி முடித்திருந்தார். கடைசியில் வழக்கம் கைகொடுத்தது. "மகன் பேரு…" என்று இழுத்தார். அவனுடைய குழியில் மண்ணைத் தள்ளி ஜெபம் பண்ணினவர்தான், இருந்தாலும் கேட்டார், பதட்டம்.

ஞானத்தங்கம் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. அவள் சொல்வதற்கு இல்லை அது. பக்கத்தில் பொன்சிங் குனிந்த தலையை நிமிர்த்தினான்.

"ஜெபத்துரை, ஐயா" என்றான் பொன்சிங். குரல் உடைந்து வந்தது. "பெட்டி கட்டுற எடத்துல இருந்தவன். எனக்குப் பதிலா போனான். எனக்குத் தெரிஞ்சேதான் போனான்."

வெளியே குழாயில் அந்தப் பெயர் ஒருதரம் தெருவுக்குக் கேட்டது. அந்த ஒரு பெயரைக் கேட்டால் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கிவிடும் என்று நாலு மாதமாக நம்பியிருந்தாள் ஞானத்தங்கம். கேட்டாயிற்று. இறங்கவில்லை. கேட்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்பது மட்டும்தான் இப்போது புதிதாகத் தெரிந்தது. பொன்சிங் விசும்பி விசும்பி அழுதான். அவனைத் தட்டிக்கொடுக்க அவளுடைய கை எழவில்லை, அவனை விட்டு நகர்ந்து உட்காரவும் அவளுக்கு மனது வரவில்லை. தலையை நிமிர்த்திக் குருவானவரைப் பார்த்தாள்.

"சொல்லிட்டான்லய்யா," என்றாள். "இனி ஜெபம் பண்ணுங்க."